குறட்டை விடும் மாடும் கருகிய நத்தையும்

மாடு குறட்டை விடும் என்று சொன்னால் நகரத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நின்றபடி விடும், அசை போட்டபடி விடும், வைக்கோலைத் தின்றுகொண்டே விடும். கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவருடன் காவிரிப் படுகையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோதுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன். தொழுவத்துக்குள் நுழையும் முன்பே காதில் விழுந்துவிட்டது. ஈர மரத்தை ரம்பம் போட்டு அறுப்பது போன்ற ஓர் இழுப்பு.

"ராவு பகல்னு கிடையாதுங்க, எந்நேரமும் இப்படித்தான் இழுக்குது" என்றார் மாட்டுக்காரர். "வண்டியில பூட்டுனா கொஞ்ச தூரத்துக்கே வாயத் தொறந்துடுது. சளின்னு நெனச்சு மிளகு, திப்பிலியெல்லாம் இடிச்சுக் குடுத்துப் பாத்தாச்சுங்க டாக்டரய்யா."

நண்பர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி, டார்ச் அடித்துக் காட்டினார். மூக்கின் உள்சுவரில் காலிஃபிளவரைக் கிள்ளி ஒட்டவைத்தது போலச் சிவந்த சதைத் திரள்கள். காற்று போக மிச்சமிருந்த சந்து பென்சில் நுழையும் அளவுதான். கொஞ்சம் சளியைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரோடு கலந்து, ஜீப்பின் பின்பலகையில் வைத்திருந்த நுண்ணோக்கியில் பொருத்தினார். சற்று நேரம் திருகிவிட்டு, "வாங்க, வளரி பாருங்க" என்றார்.

வளரியேதான். நடுவில் புடைத்து, இரண்டு முனையும் ஒரே பக்கமாக வளைந்த முட்டை. நீளம் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உள்ளே ஏதோ ஒன்று புரண்டுகொண்டிருந்தது. ஷிஸ்டோசோமா நேசாலே என்ற ரத்தத் தட்டைப்புழுவின் முட்டை அது. மாட்டின் மூக்குச் சவ்வில் ஓடும் சிறு நாளங்களுக்குள் ஆணும் பெண்ணுமாகக் குடியிருக்கும் புழு. ஆணின் உடல் நீளவாக்கில் மடிந்து ஒரு வாய்க்கால் போலாகிவிடும். நூல் போன்ற பெண் அதற்குள் படுத்துக்கொள்ளும். முட்டைகள் சவ்வைக் குத்திக்கொண்டு வெளியேறப் பார்க்கும்போது மாட்டின் உடம்பு அவற்றைச் சுற்றிச் சதையை வளர்த்துச் சிறைபிடிக்கிறது. அந்தச் சிறைச்சாலைகள்தான் நாங்கள் பார்த்த காலிஃபிளவர். எருமைக்கும் இதே புழு வரும். ஆனால் பெரும்பாலும் சதையும் வளராது, குறட்டையும் வராது. எருமை சத்தமில்லாமல் முட்டையை மட்டும் சிந்திக்கொண்டிருக்கும்.

"ஊசி போட்டுடலாம். ஆனா இந்த நோயோட வேர் தொழுவத்துல இல்ல" என்று நண்பர் தொழுவத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே வெங்காயத்தாமரை மண்டிய ஒரு குட்டை கிடந்தது.

ஒரு கொத்துத் தாமரையைப் பிடித்திழுத்துக் கரையில் கவிழ்த்தோம். கறுத்த வேர்க்கற்றையில் பத்துப் பன்னிரண்டு நத்தைகள். குழம்பு வைக்கும் பெரிய வயல் நத்தை வேறு. நத்தைகுத்தி நாரை அலகால் நெம்பித் தின்பதும் அந்தப் பெரியதைத்தான். இவை கைமுறுக்கு போலத் தட்டையாகச் சுற்றிய ஓடு கொண்டவை. நன்றாக வளர்ந்தது சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பழுப்பும் கருமையும் கலந்த நிறம். இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்பது அறிவியல் பெயர். எக்ஸஸ்டஸ் என்றால் லத்தீனில் கருகியது என்று பொருள். 1830-களில் பிரெஞ்சுச் சங்கு வல்லுநர் தேஷாயே வைத்த பெயர் அது. இந்தியா என்பதை முன்னொட்டாகச் சேர்த்துத் தனிப் பேரினமாக ஆக்கியவர்கள் அனந்தேலும் பிரசாதும்; ஆண்டு 1921.

இந்த நத்தையை விரலால் கொஞ்சம் சீண்டினால் சில சமயம் சிவப்பாக ஒரு துளி கசியும். நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செம்பு கலந்த நீல ரத்தம். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நம்மைப் போல இரும்பு கலந்த ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் அது அணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. இதற்குத் திரவத்திலேயே கரைந்திருக்கிறது. அழுகிய இலையும் சாணமும் கலந்து பிராணவாயு வற்றிப்போன குட்டையில் பிழைக்க இது பெரிய வசதி. போதாக்குறைக்கு நுரையீரல் போன்ற ஓர் அறையும் உண்டு. அவ்வப்போது மேலே வந்து காற்றை நிரப்பிக்கொண்டு உள்ளே போய்விடும். குட்டை காய்ந்தால் சேற்றுக்குள் இறங்கி மழைக்குக் காத்திருக்கும். ஆண், பெண் இரண்டும் ஒரே உடலில் இருப்பதால், துணை கிடைக்காவிட்டாலும் ஒற்றை நத்தையே முட்டையிட்டு ஒரு குட்டையை நிரப்பிவிட முடியும். மீன்தொட்டிச் செடிகளோடு ஒட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும்கூடப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்படி எதையும் தாங்கும் ஒரு பிராணியைக் குடியிருக்கத் தேர்ந்தெடுத்த புழுக்களைக் கெட்டிக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாடு நீர் குடிக்கக் குனியும்போது மூக்குச் சளி குட்டையில் வடிகிறது. உப்புச் செறிவு சட்டென்று குறைந்ததும் வளரி முட்டை ஊதி வெடிக்கிறது. உடம்பெல்லாம் மயிரிழைகள் கொண்ட மிராசிடியம் என்ற குஞ்சு வெளியே வருகிறது. அதற்குத் தின்ன வாய் கிடையாது. கையிருப்பில் இருக்கும் சக்தி சில மணி நேரத்துக்குத்தான் வரும். அதற்குள் சரியான நத்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும். நத்தையின் உடலிலிருந்து நீரில் கசியும் வேதிப்பொருள்களை மோப்பம் பிடித்து நெருங்கி, மென்சதையில் முட்டித் துளைத்து உள்ளே போகிறது.

உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. நத்தைக்கும் காவல் உண்டு. அதன் ரத்தத்தில் திரியும் அணுக்கள் அந்நியப் பொருளைக் கண்டால் சூழ்ந்து, படலம் படலமாக மூடி, கொன்றுவிடும். தவறான நத்தைக்குள் நுழைந்த மிராசிடியத்தின் கதை பெரும்பாலும் ஓரிரு நாளில் இப்படித்தான் முடிகிறது. சரியான நத்தைக்குள் மட்டும் அது தன் மேற்பரப்பை மாற்றியும், காவல் அணுக்களை மழுக்கியும் தப்பித்துக்கொள்கிறது. ஒரு புழு இனம் எந்த ஊரில் வாழும், எந்த ஊரில் வாழாது என்பது பெரும்பாலும் இந்த ஓரிரு நாள் சண்டையில்தான் முடிவாகிறது. இதைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

தப்பித்த புழு மயிரிழைகளை உதிர்த்துவிட்டு, வாயும் குடலும் இல்லாத ஒரு பையாக மாறுகிறது. ஸ்போரோசிஸ்ட் என்று பெயர். பைக்குள் பிள்ளைப் பைகள் உருவாகின்றன. அவை ஓட்டின் உச்சிச் சுற்றில் இருக்கும் செரிமானச் சுரப்பிக்கு இடம்பெயர்ந்து, அங்கே அடைத்துக்கொண்டு, நத்தை தின்று சேர்த்த சத்தையெல்லாம் தோல் வழியாகவே உறிஞ்சுகின்றன. சில வாரங்களில் அந்தப் பைகளுக்குள் செர்கேரியா என்ற வாலுள்ள குஞ்சுகள் விளைகின்றன. ஒரே ஒரு மிராசிடியம் ஆயிரக்கணக்கான செர்கேரியாக்களைத் தரும். அத்தனையும் ஒரே அச்சு, அத்தனையும் ஒரே பால். ஒன்று எல்லாம் ஆண், அல்லது எல்லாம் பெண். அதனால் மாட்டின் மூக்கில் ஒரு ஜோடி சேர வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு மிராசிடியங்கள் வென்றிருக்க வேண்டும்.

நத்தை இதற்குக் கொடுக்கும் விலையைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. இடைநிலை ஓம்புயிரி என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு மாட்டுக்குத் தாவிவிடுவார்கள். ஏதோ வழியில் இருக்கும் பேருந்து நிறுத்தம் போல. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கதையில் முதல் நோயாளி நத்தைதான். புழு முற்றிய நத்தையின் இனப்பெருக்க உறுப்பு சுருங்கிப் போகும். முட்டையிடுவது குறைந்து, பிறகு நின்றே போகும். நத்தை உயிரோடுதான் இருக்கும். ஊரும், மேயும், மூச்செடுக்க மேலே வரும். ஆனால் அது சேர்க்கும் சத்து தன் வம்சத்துக்குப் போகாது. ஒட்டுண்ணி இயலார் இதை மலடாக்கல் என்றே அழைக்கிறார்கள். தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் மனிதப் புழுவைத் தாங்கும் பயோம்ஃபலேரியா என்ற உறவுக்கார நத்தையில் மின்செல்லாவும் லோவெர்டேயும் 1981-ல் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் அந்த நத்தைகள் வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிட்டன. புழு கதவைச் சாத்துவதற்குள் முடிந்தவரை சந்ததியை வெளியே தள்ளிவிடும் முயற்சி என்று அதை விளக்குகிறார்கள்.

அன்று குட்டையிலிருந்து ஏழு நத்தைகளை ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நத்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஏழு கண்ணாடித் தம்ளர், குளோரின் போக இரண்டு நாள் திறந்து வைத்த தண்ணீர், ஒரு மேசை விளக்கு போதும். தம்ளருக்கு ஒன்றாகப் போட்டு விளக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆறு தம்ளரில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவதைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தபோது, தண்ணீர் முழுக்க வெள்ளைத் தூசி. தூசி கீழே இறங்கிற்று, பிறகு துள்ளி மேலே போயிற்று, மறுபடி இறங்கிற்று. ஒரு சொட்டை எடுத்து லென்சில் பார்த்தால் ஒவ்வொரு தூசிக்கும் பாம்பின் நாக்கு போல இரண்டாகப் பிளந்த வால். வாலை முன்னே விட்டு, தலையைப் பின்னே இழுத்துக்கொண்டு நீந்துகின்றன. ரத்தத் தட்டைப்புழுக் குடும்பம்தான் என்பதற்கு அந்தப் பிளவு வால் அடையாளம். அதில் எந்த இனம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கையுறை போட்டுக்கொள்ளாமல் அந்தத் தம்ளரைத் தொடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

விளக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. செர்கேரியா கண்ட நேரத்தில் வெளியே வருவதில்லை. அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். மாடு தண்ணீருக்கு வரும் வேளையில் நீரில் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. கரீபியத்தின் குவாதலூப் தீவில் பிரெஞ்சு ஆய்வாளர் தெரோன் இதைத் துல்லியமாகக் காட்டினார். மனிதர்கள் புழங்கும் ஓடைகளில் ஷிஸ்டோசோமா மான்சோனி இனத்தின் செர்கேரியாக்கள் நண்பகலுக்குச் சற்று முன்பு திரளாக வந்தன. எலிகள் திரியும் சதுப்பில் அதே இனம் பிற்பகல் 4 மணி வாக்கில் வந்தது. இந்த நேரக்கணக்கு புழுவுக்கு மரபு வழியாகவே வருகிறது.

தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைக் கண்டதும் செர்கேரியா ஒட்டிக்கொண்டு, நொதியால் தோலைக் கரைத்து, வாலைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரல், அங்கிருந்து ஈரல், அங்கே ஆளாகி, கடைசியில் மூக்கு. இந்தப் பயணத்தை அதற்கு மேல் விவரிக்கப்போவதில்லை. நத்தைக்கே திரும்பலாம், ஏனென்றால் அதற்குள் குடியிருப்பது இந்த ஒரு புழு மட்டுமல்ல.

குடற்சுவர் நாளங்களில் வாழும் ஷிஸ்டோசோமா ஸ்பிண்டேல், இண்டிகம் என்ற இரண்டு புழுக்களுக்கும் இதே நத்தைதான் வீடு. மாட்டின் முதல் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் குண்டு குண்டான இரைப்பைத் தட்டைப்புழுக்கள் சிலவும் இங்கே வளர்கின்றன. கழுத்தில் முள்வளையம் கொண்ட எக்கினோஸ்டோம் இனங்களும் உண்டு. இந்தக் கடைசிக் குடித்தனக்காரர்தான் சுவாரசியமானவர். ரத்தத் தட்டைப்புழுவின் குஞ்சுப்பருவம் வாயில்லாத பை என்று சொன்னேன் அல்லவா? எக்கினோஸ்டோமின் குஞ்சுப்பருவமான ரெடியாவுக்கு வாய் உண்டு, தொண்டை உண்டு, குடல் உண்டு. இரண்டும் ஒரே நத்தைக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மலேசியாவின் நத்தைகளில் இயற்கையாகவே இரட்டைத் தொற்று கண்டவற்றை ஆராய்ந்து, ஹெய்ன்மனும் உமாதேவியும் 1968-ல் நேச்சர் இதழில் விடையை எழுதினார்கள். அவர்கள் பார்த்தது நம் கருகிய நத்தையைத்தான். வாயுள்ளது வாயில்லாததைத் தின்கிறது. ஒரு நத்தையின் உச்சிச் சுற்றுக்குள், கடுகளவு இடத்தில், ஒரு காட்டில் நடக்கும் வேட்டையே நடக்கிறது.

இந்த வேட்டையைக் காசாக்க முடியுமா என்று இந்தோனேசியாவில் சுஹர்தோனோவும் கூட்டாளிகளும் யோசித்தார்கள். அங்கே தொல்லை மாட்டின் ஈரல் தட்டைப்புழு. அதைத் தாங்குவது லிம்னேயா என்ற வேறு வகை நத்தை. எக்கினோஸ்டோம் வாழ்வது வாத்தின் குடலில். தொற்றுள்ள வாத்தின் எச்சத்தை வயலில் நத்தைகள் கூடும் இடத்துக்குப் போக வைத்தால், நத்தைக்குள் எக்கினோஸ்டோம் புகுந்து ஈரல் புழுவை விரட்டுகிறது. நத்தையைக் கொல்லாமலே நோயைக் குறைக்கும் வழி. நத்தைக்கு இதில் ஒரு லாபமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குடித்தனக்காரனைத் துரத்தியது இன்னொரு குடித்தனக்காரன்தான். வீட்டுக்காரனுக்கு வாடகை இரண்டு பேரிடமும் கிடையாது.

இந்தியாவில் இந்த நத்தையின் பெயர் ஆய்வுக்கூடங்களில் அடிபட ஆரம்பித்ததற்கு மாட்டைவிட மனிதனைப் பற்றிய பயம்தான் பெரிய காரணம். ஸ்பிண்டேல், இண்டிகம் இரண்டையும் மான்ட்கோமரி 1906-லேயே கால்நடைகளிலிருந்து விவரித்திருந்தார். ஆனால் அவை எப்படிப் பரவுகின்றன என்று தெரியாது. 1913-ல் ஜப்பானில் மியாயிரியும் சுசுகியும் அங்குள்ள மனிதப் புழு நத்தைக்குள் வளர்வதைக் காட்டினார்கள். 1915-ல் லைபர் எகிப்தில் அதையே உறுதி செய்தார். அப்போது உலகப் போர். எகிப்திலும் அண்டை நாடுகளிலும் போரிட்ட சிப்பாய்கள் சிறுநீரில் ரத்தம் போகும் நோயோடு இந்தியா திரும்பினால், இங்குள்ள குளங்களில் அது வேரூன்றிவிடுமா? 1918-ல் பம்பாயில் லிஸ்டனும் சோபார்க்கரும் ஸ்பிண்டேல் புழு இந்தக் கருகிய நத்தையில் வளர்வதைக் காட்டியபோது, பயம் வெறும் பயமாக இல்லை. ரத்தத் தட்டைப்புழுவை வளர்க்கத் தெரிந்த நத்தை நம் ஊர்க் குட்டையிலேயே இருக்கிறது! கெம்பும் கிரேவ்லியும் 1919-ல் இந்தக் கேள்வியை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தக் கிரேவ்லிதான் பிறகு சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைமை ஏற்றவர். செவல் 1922-ல் இந்திய நத்தைகளிலிருந்து வெளிவரும் செர்கேரியாக்களுக்கு ஒரு பெரிய தொகுப்பே எழுதினார். மதராஸ் மாகாணத்து மாடுகளின் குறட்டைக்குக் காரணமான புழுவை எம். அனந்தநாராயண ராவ் 1933-ல் விவரித்து, கன்றுகளில் சோதனையாகத் தொற்றை உண்டாக்கியும் காட்டினார். மூக்கு என்ற பொருளில் நேசாலே என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

பயந்தபடி மனித நோய் வேரூன்றவில்லை. ரத்னகிரி மாவட்டத்தின் கிம்வி என்ற கிராமத்தில் மட்டும் 1952-ல் காட்கிலும் ஷாவும் ஒரு தொற்றிடத்தைப் பதிவு செய்தார்கள். அங்கே குற்றம் சாட்டப்பட்டது ஃபெரிசியா என்ற வேறொரு குட்டி நத்தை. அது நாடு முழுக்கப் பரவிவிடவில்லை. இதில் வியப்பு என்னவென்றால், ஆப்பிரிக்காவில் அந்தச் சிறுநீர்ப் புழுவைத் தாங்கும் புலினஸ் நத்தைக்கு மிக நெருங்கிய உறவு நம் கருகிய நத்தைதான். மரபணுக்களைப் பார்த்தவர்கள் இரண்டையும் பங்காளிகள் என்கிறார்கள். இங்குள்ள மாட்டுப் புழுக்கள் மூன்றுமே ஆப்பிரிக்கப் புழுக்களின் கிளையிலிருந்து பிரிந்து ஆசியாவுக்கு வந்தவை என்ற கருத்தும் வலுவாக இருக்கிறது. ஆனாலும் மனிதனின் சிறுநீர்ப் புழு பங்காளி வீட்டில் வளர்வதில்லை. முன்னே சொன்ன அந்த ஓரிரு நாள் சண்டையில் நத்தை வென்றுவிடுகிறது. நம் கிராமத்துப் பிள்ளைகள் குளத்தில் குதித்தும் அந்த நோய்க்குத் தப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில், நத்தையின் காவல் அணுக்களுக்கும் ஓர் இடம் உண்டு.

முழுக்கத் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. மாட்டுப் புழுவின் செர்கேரியாவுக்கு மாட்டின் காலும் நடவு நடும் பெண்ணின் காலும் ஒன்றுதான். தோலைத் துளைத்துவிடும், அதற்கு மேல் மனித உடலில் ஆளாகத் தெரியாமல் அங்கேயே சாகும். சாகும்போது உடம்பு அதை எதிர்க்கும் எதிர்ப்பில் தோல் தடிக்கும், கொப்புளம் கட்டும், ராத்தூக்கம் போகும். மலாயாவின் நெல்வயல்களில் இந்த அரிப்புக்குக் காரணம் ஸ்பிண்டேல் என்று பக்லி 1938-ல் எழுதினார். அறுபது ஆண்டு கழித்து அசாமின் விவசாயிகளிடமும் அதே புழு அகப்பட்டது. சேற்றுப்புண் என்று களிம்பு தடவி விட்டுவிடும் எத்தனை அரிப்புகளுக்குப் பின்னால் இந்த நத்தை இருக்கிறதோ என்று நாற்றங்காலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அந்த மாட்டுக்கு ஆண்டிமனி சேர்ந்த ஊசியை வார இடைவெளியில் சில தடவை போட்டார் நண்பர். "மாட்டுக்குச் சரிங்க, குட்டைக்கு என்ன மருந்து?" என்று கேட்டார் மாட்டுக்காரர். நத்தையைக் கொல்லும் நிக்ளோசமைடு இருக்கிறது. அது மீனையும் கொல்லும். அந்தக் குட்டை மீனைக் குத்தகை எடுத்தவர் அடுத்த தெருவில்தான் இருந்தார். நண்பர் மருந்துப் பேச்சை விட்டுவிட்டு, கைப்பம்புக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டி மாட்டுக்கு அதில் தண்ணீர் காட்டச் சொன்னார். வெங்காயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டுக் காயவிடச் சொன்னார். மாட்டுக்காரர் தலையாட்டினார். அடுத்த முறை போனபோது தொட்டி கட்டியிருந்தது. அதில் வைக்கோல் ஊறிக்கொண்டிருந்தது. மாடு குட்டையில் நின்றுகொண்டிருந்தது. குறட்டை குறைந்திருந்தது.

ஏழு நத்தைகளையும் தம்ளரிலிருந்து ஜாடிகளுக்கு மாற்றி, கீரைத்தழை போட்டுச் சன்னலோரம் வைத்திருந்தேன். ஆறு ஜாடிகளின் சுவரில் சில நாளிலேயே கோந்துச் சொட்டு போன்ற முட்டைத் திரள்கள் ஒட்டின. ஒவ்வொன்றிலும் ஊசி முனையளவு குஞ்சுகள் சுழன்றுகொண்டிருப்பதை லென்சில் பார்க்க முடிந்தது. ஏழாவது நத்தை மற்றவை போலவே கீரையைத் தின்றது, மற்றவை போலவே மேலே வந்து காற்றை எடுத்தது. தினமும் வெயில் ஏறியதும் அதன் ஜாடியில் வெள்ளைத் தூசி கிளம்பும். அதன் கண்ணாடிச் சுவர் கடைசிவரை துடைத்து வைத்தது போல இருந்தது.